நாத்தனாருக்குக் குடை மடிக்கிறவள்

எங்கள் பணிமனையில் புதிதாக யார் வேலைக்குச் சேர்ந்தாலும், முதல் வாரம் முடிவதற்குள் என் மேஜைக்கு வந்து அதே கேள்வியைக் கேட்டுவிடுவார்கள்.

"அக்கா, நிஜமாவா? பலூன்ல போய் முப்பத்தோரு கிலோமீட்டர் மேலேருந்து குதிக்கப் போறவங்க உங்க நாத்தனாரா? அவங்க பாராசூட்டை மடிக்கிறது நீங்களா?"

ஆமாம் என்பேன். உடனே ஒரு சிரிப்பு வரும். "அப்ப அவங்களுக்கு ரொம்பத்தான் தைரியம்!" என்று சொல்லிவிட்டு, இந்த ஜோக்கைத் தாங்கள்தான் முதன்முதலில் கண்டுபிடித்த மாதிரி என் முகத்தைப் பார்ப்பார்கள். எனக்குக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

நாங்கள் ஒரே வீட்டில் இருக்கிறோம். கீழே நானும் என் வீட்டுக்காரரும், மாடியில் அவருடைய தங்கை. அவள் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பறக்கப் போனவள். பதினெட்டு வயதிலிருந்து விமானத்தில் ஏறி ஏறிக் குதித்தவளுக்கு, அது போதாமல் இப்போது பலூன். எங்களுக்குள் கொஞ்சிக் குலாவுகிற உறவெல்லாம் கிடையாது. ஒரே கூரையின் கீழ் இருபது வருடம் இருந்தால் எவ்வளவு மனஸ்தாபம் வருமோ அவ்வளவு வந்திருக்கிறது, போயிருக்கிறது. ஆனால் அவளுடைய பாராசூட்டை வேறு யாராவது தொட்டால் எனக்குப் பொறுக்காது. அவளுக்கும் பொறுக்காது.

இந்த வேலையில் சேர்வதற்கு முன்னால் பதினாறு வருடம், விமானத்திலிருந்து குதிக்கிறவர்களின் கிளப் ஒன்றில் பாராசூட் மடித்தேன். அங்கே காற்று நம் கட்சி. துணியை வெளியே எறிந்தால் போதும், மிச்சத்தைக் காற்றே பார்த்துக்கொள்ளும். முப்பத்தோரு கிலோமீட்டர் உயரத்தில் காற்று என்பது பேருக்குத்தான். தரையில் இருப்பதில் நூறில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். அங்கே குதிக்கிற ஆள் கை காலை விரித்துத் தன்னை நிலைநிறுத்த முடியாது. ஒரு பக்கம் லேசாகச் சுற்ற ஆரம்பித்தால் அதைத் தடுக்க ஒன்றும் கிடையாது. பம்பரமாகச் சுழன்று, ரத்தம் தலைக்கு ஏறி, கண் இருண்டு, நினைவு போய்விடும். நினைவு தப்பினவர் திரும்பக் கண் விழிப்பார் என்று யாரும் உறுதி கொடுக்க முடியாது.

அதற்காகத்தான் குட்டி. பெரிய பாராசூட் தரைக்குப் பக்கத்தில், நல்ல காற்றில் திறப்பது. அதைப் பற்றி எங்களில் யாருக்கும் கவலையே இல்லை. குட்டி என்பது இரண்டு மீட்டர் அகலமே உள்ள சின்னப் பாராசூட். முதுகில் ஒரு சின்னப் பையில் இருக்கும். குதித்த பன்னிரண்டாவது நொடியில் ஒரு ஸ்பிரிங் அந்தப் பையை வெளியே தள்ளும். துணி விரிந்து, ஆளைத் தோளில் பிடித்து நிறுத்தி, கால் கீழே இருக்கும்படி பார்த்துக்கொள்ளும். பன்னிரண்டு நொடி என்று கணக்குப் போட்டுக் கொடுத்தது எங்கள் அலுவலகத்து இளம் பெண் ஒருத்தி. அவளை எல்லோரும் கணக்கு என்றுதான் கூப்பிடுவோம்.

"அந்த நேரத்துல அவங்க மணிக்கு நானூறு கிலோமீட்டர் வேகத்துல விழுந்துட்டிருப்பாங்க அக்கா. ஆனா அவங்க மேல படுற காத்து, பைக்ல ஐம்பதுல போறவங்க நெஞ்சுல படுமே, அந்த அளவுதான். அதுக்கு முன்னாடி தள்ளினா துணி சும்மா மிதந்து காலைச் சுத்திக்கும். அதுக்கு மேல தள்ளிப்போட்டா அதுக்குள்ள சுழல ஆரம்பிச்சுடுவாங்க" என்று அவள் எனக்கு விளக்கினாள்.

நாத்தனாருக்கு முன்னால் ஒரு பொம்மையை அனுப்பிப் பார்த்தோம். எண்பது கிலோ எடை. அவளுடையது போன்ற உடுப்பு, ஹெல்மெட், அதில் ஒரு கேமரா, முதுகில் ஒரு கேமரா. அலங்காரம் செய்து நாலு பேர் தூக்கிக்கொண்டு போவார்கள், அவன் வாயே திறக்க மாட்டான். அதனால் அவனுக்கு மாப்பிள்ளை என்று பேர். மாப்பிள்ளை ஐந்து முறை மேலே போனான். மூன்று முறை குட்டி ஒழுங்காகத் திறந்தது. மூன்றாவது முறையும் ஐந்தாவது முறையும் திறக்கவில்லை.

கேமராவில் அதை நான் பார்த்தேன். பை வெளியே வருகிறது. பையின் உறை கழன்று போகிறது. ஆனால் உள்ளே இருந்த துணி மடித்த மடிப்பில் அப்படியே நிற்கிறது, இஸ்திரி போட்டுக் கடையிலிருந்து வந்த சட்டை மாதிரி. அதன் பின்னால் வானம் ஒரு சுற்று, இரண்டு சுற்று, பிறகு எண்ண முடியாத வேகத்தில். மாப்பிள்ளைக்கு மயக்கம் வராது. நான்தான் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தேன்.

அன்று மாலையே மேனேஜர் மேடம் எல்லோரையும் கூப்பிட்டார். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர் அவர்.

"இன்னும் மூணு தடவை பொம்மையை அனுப்புவோம். மூணும் தொடர்ச்சியா திறக்கணும். ஒண்ணு தப்பினாலும் இந்த வருஷம் குதிப்பு கிடையாது."

இந்த வருஷம் கிடையாது என்றால் நாத்தனாருக்கு எந்த வருஷமும் கிடையாது. மேல்வானத்துக் காற்று அடங்கியிருப்பது வருடத்தில் ஆறே வாரம். அடுத்த ஆறு வாரம் வருவதற்குள் அவளுக்கு நாற்பத்தைந்து முடிந்துவிடும். நாற்பத்தைந்துக்கு மேல் மருத்துவர்கள் அனுமதிக்க மாட்டார்கள். மேடம் பேசும்போது அவள் கையைக் கட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்து நின்றாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கட்டிய கையின் விரல்கள் மட்டும் முழங்கையை நசுக்கிக்கொண்டிருந்தன.

திறக்காததற்குக் காரணம் கண்டுபிடிக்கும் பொறுப்பு எங்கள் தலைமைப் பொறியாளருக்கு. கதவு இறுக்கமாக இருந்தால் பெரிய ஸ்பிரிங், கதவு தளர்வாக இருந்தாலும் பெரிய ஸ்பிரிங் என்று சொல்கிறவர். ஸ்பிரிங் சார் என்று முதுகுக்குப் பின்னால் சொல்லிச் சொல்லி, இப்போது முகத்துக்கு நேரேயே சொல்கிறோம். அவரும் திரும்பிப் பார்க்கிறார். இந்த முறையும் அவர் அசரவில்லை.

"தள்ளுற வேகம் பத்தலம்மா. இரண்டு மடங்கு பெரிசா போட்டுடலாம்."

வீட்டுக்குப் போனேன். என் வீட்டுக்காரர் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். பகலெல்லாம் மற்றவர்களின் கண்ணைப் பரிசோதிக்கிறவர், தன் தங்கை விஷயத்தில் மட்டும் எதையும் பார்க்க விரும்ப மாட்டார். ஒத்திகை வீடியோ எதையும் இதுவரை பார்த்ததில்லை. நடந்ததைச் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை.

"அப்ப நல்லதுதானே."

"எது நல்லது?"

"நின்னு போனா நல்லதுதானே. அவளா நிறுத்த மாட்டா. நான் சொன்னா கேக்க மாட்டா. அதுவா நின்னா யார் மேலயும் பழி இல்ல." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, மாடிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சொன்னார். "நீ எதையாவது கண்டுபிடிச்சுத் தொலைக்காதே."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அவர் மேல் வந்ததைவிட என் மேல்தான் அதிகம். ஏனென்றால் அவர் சொன்னதில் பாதியை நானே மனசுக்குள் நினைத்திருந்தேன். அவள் மாடியில் உட்கார்ந்து, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, இன்னும் நாற்பது வருடம் என்னோடு முட்டிக்கொண்டிருந்தால் எனக்கென்ன குறைந்துவிடும்? ஆனால் வேறு ஒன்றும் மனசை அரித்தது. காரணம் தெரியாமலே ஸ்பிரிங் சார் பெரிய ஸ்பிரிங் போடுவார். அதிர்ஷ்டத்தில் மூன்று முறையும் திறந்துவிடும். நாலாவதாகப் போவது மாப்பிள்ளை இல்லை. நின்றாலும் நடந்தாலும், ஏன் திறக்கவில்லை என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

மறுநாள் காலை எல்லோருக்கும் முன்னால் போய் என் பதிவேட்டை எடுத்தேன். ஒவ்வொரு குட்டியையும் என்றைக்கு, எத்தனை மணிக்கு மடித்தேன், யார் சரிபார்த்தது என்று அதில் எழுதுவேன். ஐந்து மடிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் ஒரு தாளில் எழுதினேன். முதலாவது, மேலே போன அன்று காலையில் மடித்தது. முந்தைய வாரமே மடித்து வைத்ததை, கேமரா வயரை மாற்ற வேண்டும் என்று பிரிக்கச் சொல்லிவிட்டார்கள். இரண்டாவது, முந்தின நாள் சாயங்காலம். நாலாவது, அன்று காலை. மடித்து வைத்ததன் மேல் யாரோ எண்ணெய் சிந்தியதால் வேறு துணியில் புதிதாக மடித்தேன், சிந்தினவரை ஒரு பிடி பிடித்ததும் நினைவிருக்கிறது. மூன்றாவது, மழை காரணமாக ஆறு நாள் காத்திருந்தது. ஐந்தாவது, ஒன்பது நாள்.

தாளை வைத்துவிட்டு என் வேலை மேஜையைப் பார்த்தேன். அங்கே என் இரும்புக் கட்டிகள் வரிசையாக இருந்தன. முதுகுப் பை சின்னது என்பதால் துணியை நன்றாக நீவி, ஒன்பது மடிப்பாக மடித்து, அந்தக் கட்டிகளை ஏற்றி அழுத்தி, காற்றெல்லாம் வெளியேறிய பிறகே பைக்குள் வைப்பேன். என் மடிப்பு செங்கல் மாதிரி இருக்கும். கிளப்பில் மற்றவர்கள் அதைப் பார்க்கவே வருவார்கள். இங்கே வந்த விருந்தினர்களிடமெல்லாம் மேடம் அதை எடுத்துக் காட்டியிருக்கிறார். நானும் பெருமையோடு பக்கத்தில் நின்றிருக்கிறேன்.

வழவழப்பான மெல்லிய துணி அது. அவ்வளவு அழுத்தத்தில் ஆறு நாள், ஒன்பது நாள் கிடந்தால் ஒரு மடிப்பு இன்னொன்றோடு ஒட்டிக்கொள்ளாமல் என்ன செய்யும்? தரைக்குப் பக்கத்தில் அடிக்கிற காற்று அதை ஒரே உதறில் பிரித்துவிடும். அதனால்தான் கிளப்பில் இருபது நாள் மடித்து வைத்ததும் திறந்தது, விமானத்திலிருந்து எறிந்து பார்த்த ஒத்திகையெல்லாம் திறந்தது. மேலே உதறுவதற்குக் காற்றில் தெம்பு இல்லை. தப்பு ஸ்பிரிங்கில் இல்லை, என் கையில். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். நான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்துப் பார்த்துச் செய்ததுதான் அவளைக் கொல்லத் தயாராக இருந்தது.

ஸ்பிரிங் சாரும் கணக்கும் வந்ததும் இருவரையும் துணி உலர்த்தும் கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கே ஆள் உயர ஃபேன் ஒன்று இருக்கிறது.

"இது முன்னாடி எங்க நின்னா ஐம்பது கிலோமீட்டர் காத்து வரும்?" என்று கணக்கைக் கேட்டேன். அவள் காற்று வேகமானியைக் கையில் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் நடந்து, தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டாள். அந்தக் கோட்டில் ஒரு கம்பத்தை நட்டு வைத்தேன். பிறகு அலமாரியைத் திறந்து, மாற்றுக்கென்று மடித்து வைத்திருந்த குட்டியை எடுத்தேன். மடித்துப் பதினோரு நாள் ஆகியிருந்தது. அதன் வாயில் என் சிவப்பு நூல் முத்திரை.

"ஏம்மா, முத்திரையை உடைக்கணும்னா மேடம் கையெழுத்து வேணும்" என்றார் ஸ்பிரிங் சார்.

"அப்புறம் வாங்கிக்கலாம்" என்று சொல்லி நூலை வெட்டினேன். கயிற்றைக் கம்பத்தில் கட்டி, ஃபேனை முழு வேகத்தில் போட்டு, உறையை உருவினேன்.

துணி வெளியே வந்து கயிற்றின் நுனியில் தொங்கி ஆடியது. திறக்கவில்லை. கணக்கு வாய்க்குள் எண்ண ஆரம்பித்தாள். ஒன்பது என்றபோது ஒரு ஓரம் மட்டும் உரிந்து வந்தது. பதினொன்றில் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு விரிந்தது. காற்று எங்கள் மூன்று பேர் முகத்திலும் அடித்துக்கொண்டிருந்தது, யாரும் நகரவில்லை.

அதே துணியை எடுத்தேன். தரையிலேயே மண்டியிட்டு, நீவாமல், கட்டி வைக்காமல், வரிசைக்கு மட்டும் பங்கம் வராமல் தளர்வாக மடித்துப் பைக்குள் திணித்தேன். மறுபடி உறையை உருவினேன். கணக்கு ஒன்று என்று சொல்ல வாயெடுப்பதற்குள் குட்டி டப்பென்று விரிந்து கம்பத்தைச் சாய்த்தது.

ஸ்பிரிங் சார் சாய்ந்த கம்பத்தை நிமிர்த்தி வைத்தார். பிறகு பரிதாபமாகக் கேட்டார். "அப்ப ஸ்பிரிங் வேண்டாமா?"

மேடத்திடம் நானே போய்ச் சொன்னேன். தலையைச் சுற்றி மூக்கைத் தொடவில்லை. "இரண்டு தடவையும் தப்பு என்னுதுதான் மேடம்" என்றேன். அவர் வீடியோவைப் பார்த்தார், பதிவேட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இத்தனை நாள் இது உங்க கண்ணுல படலயா?"

"அழகா இருந்துச்சு மேடம். அதான் படல."

நாத்தனாரிடம் சொல்வது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. சாயங்காலம் மாடிக்கு ஏறினேன். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

"ஆறாவதா நான் போயிருந்தா?" என்று கேட்டாள்.

"திறந்திருக்காது. திறந்திருந்தா அது அதிர்ஷ்டம்."

கையிலிருந்த துண்டை அவள் மடித்து வைத்தாள். அதில் ஓரமும் ஓரமும் சேரவில்லை.

"நீங்க இந்த வீட்டுக்கு வந்த புதுசுல, நான் மடிச்சு வச்ச துணியை எல்லாம் திரும்ப எடுத்து மடிப்பீங்க. ஞாபகம் இருக்கா அண்ணி?"

"இருக்கு."

"அப்ப எனக்கு வந்த கோபத்துக்கு இன்னிக்குத்தான் நியாயம் கிடைச்சிருக்கு" என்றாள். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. அவள் முன்னால் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு கீழே இறங்கி வந்துவிட்டேன்.

அடுத்த பத்து நாள் நாங்கள் மூவரும் ஃபேனோடுதான் குடித்தனம் நடத்தினோம். மடித்து இரண்டு மணி நேரம் ஆனது, நாலு மணி நேரம் ஆனது, ஆறு, எட்டு என்று, குளிர்பெட்டியில் வைத்து எடுத்தும் சோதித்தோம். ஆறு மணி நேரம் வரை ஒருமுறைகூடத் தவறவில்லை. எட்டு மணி நேரத்தில் ஐந்தில் ஒன்று தயங்கியது. அதனால் ஒரே சட்டம் எழுதினோம். மடித்த ஆறு மணி நேரத்துக்குள் ஆள் குதித்தாக வேண்டும், இல்லையென்றால் பிரித்து மடிக்க வேண்டும். தளர்ந்த மடிப்புக்கு இடம் வேண்டும் என்று பையை இரண்டு விரல் அகலமாக்கினோம். ஸ்பிரிங் சார் அந்தப் புதிய மடிப்பை முதலில் பார்த்தபோது, "இதுல உங்க கையெழுத்தைப் போடுவீங்களாம்மா?" என்று கேட்டார். போட்டேன். மாப்பிள்ளை மூன்று முறை போனான், மூன்று முறையும் குட்டி திறந்தது.

நாத்தனார் குதிக்கும் நாள் வந்தது. காலை ஐந்தரைக்குக் குட்டியை மடித்து அவள் முதுகில் பொருத்தினேன். ஏழு மணிக்குப் பலூன் கிளம்ப வேண்டும். மேலே போக இரண்டரை மணி நேரம். ஒன்பதரைக்குக் குதிப்பு என்றால் நாலே மணி நேரம், கவலையில்லை. ஆனால் தரைக்காற்று அடங்கவில்லை. ஏழு, ஏழரை, எட்டு என்று தள்ளிக்கொண்டே போனார்கள். அவள் உடுப்பு மாட்டி, ஹெல்மெட்டை மூடி, மேலே ரத்தத்தில் குமிழி கட்டாமலிருக்கச் சுத்தமான ஆக்சிஜனை மட்டும் சுவாசித்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஹெல்மெட்டைத் திறந்தால் அந்தச் சுவாசத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டும், அன்றைய நாள் போயே போய்விடும். வீட்டுக்காரர் வரவில்லை. கடையைத் திறந்துவிட்டு உள்ளே உட்கார்ந்திருப்பதாகச் செய்தி அனுப்பியிருந்தார்.

ஒன்பது மணிக்குக் காற்று அடங்கியது. மேடத்தின் குரல் எல்லோர் காதிலும் கேட்டது. "ஒன்பது இருபதுக்குக் கிளம்பறோம். வெயில் ஏறினா காத்து திரும்பும். ஒன்பது ஐம்பதுக்கு மேல நான் விட மாட்டேன்."

விரல் விட்டு எண்ணினேன். ஒன்பது இருபதுக்குக் கிளம்பினால் பதினொன்று ஐம்பதுக்குக் குதிப்பு. ஆறு மணி இருபது நிமிடம்.

"மேடம், நான் பிரிச்சு மடிக்கணும்" என்றேன்.

"இருபது நிமிஷம்தானே அதிகம்? நீங்க மடிச்சு முடிக்க அரை மணி நேரம் ஆகும். நடுவுல காத்து வந்துட்டா எல்லாமே போச்சு. இந்த சீசன்ல இதுதான் கடைசி நாள், தெரியும்ல?"

தெரியும். மேடம் சொன்னதிலும் தப்பில்லை. ஆறு மணி இருபது நிமிடத்தில் அநேகமாகத் திறக்கும். அந்த அநேகமாக என்ற வார்த்தையை நம்பி என்னால் கையெழுத்துப் போட முடியாது. அதோடு, பிரித்துவிட்டு நேரம் தவறினால், அவள் வாழ்க்கையில் கேட்ட ஒரே ஒரு விஷயத்தை என் கையாலேயே பறித்தவள் ஆவேன். மாடியில் இன்னும் நாற்பது வருடம் இருப்பாள், என்னோடு பேசமாட்டாள்.

"பிரிக்கிறேன் மேடம்."

மேடம் நாத்தனாரிடமே கேட்டார். அவள் குரல் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து அமைதியாக வந்தது.

"இருபது நிமிஷத்துல என்ன ஆயிடும்னு என்கிட்ட கேக்காதீங்க மேடம். மடிக்கிறது அவங்க வேலை, குதிக்கிறதுதான் என் வேலை. அவங்க பிரிக்கணும்னா பிரிக்கட்டும்."

நூலை வெட்டினேன். அவளுடைய முதுகுக்குப் பின்னால் ஒரு மேஜையை இழுத்துப் போட்டுத் துணியை விரித்தேன். ஸ்பிரிங் சார் கயிறுகளைப் பிடித்துக்கொண்டார், கணக்கு நிமிடத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தாள். மூன்றாவது மடிப்பில் என் கை பழக்க தோஷத்தில் ஓரத்தை நீவப் போயிற்று. என் கையை நானே தட்டிவிட்டேன். வெளியே பலூனில் வாயு ஏறும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கு வியர்வை கண்ணில் இறங்கியது, துடைக்கவில்லை. பத்தொன்பதாவது நிமிடம் முத்திரை நூலைக் கட்டி, அட்டையில் கையெழுத்துப் போட்டு, "ரெடி" என்றேன். ஒன்பது நாற்பத்தாறுக்குப் பலூன் தரையை விட்டது.

பன்னிரண்டேகால் மணிக்குக் கட்டுப்பாட்டு அறையில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். என்னால் உட்கார முடியவில்லை. திரையில் அவள் ஹெல்மெட்டிலிருந்து தெரிந்த வானம் பட்டப்பகலில் கறுப்பாக இருந்தது. "போறேன்" என்றாள். பிறகு எண்ணிக்கை மட்டும் வந்தது. ஐந்து. ஆறு. வேறு எந்தச் சத்தமும் இல்லை, காற்றின் இரைச்சல்கூட இல்லை. ஒன்பதில் பூமியின் விளிம்பு மெல்லச் சாயத் தொடங்கியது. பத்தில் இன்னும் சாய்ந்தது. சுற்ற ஆரம்பித்துவிட்டாள். ஸ்பிரிங் சார் என் பக்கத்தில் எழுந்து நின்றார்.

பன்னிரண்டில் முதுகுக் கேமராவில் பை பறந்தது. உறை கழன்றது. துணி ஒரு அழுக்கு மூட்டையாக அந்தரத்தில் நின்றது. அரை நொடிதான் இருக்கும் என்று பிறகு கணக்கு சொன்னாள். அந்த அரை நொடி என் உயிர் என்னிடம் இல்லை.

மூட்டை அவிழ்ந்தது. ஒரு மடிப்பு, அடுத்த மடிப்பு, பிறகு மொத்தமும் வட்டமாக விரிந்து இறுகியது. சாய்ந்திருந்த விளிம்பு நேராகி அப்படியே நின்றது.

"அண்ணி" என்றாள் அவள். "பிடிச்சுக்கிச்சு."

தரை இறங்கும் இடத்துக்கு ஜீப்பில் போனோம். பாராசூட் மடிக்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஆள் இறங்கியதும் மற்ற எல்லோரும் ஆளிடம் ஓடுவார்கள், நாங்கள் துணியிடம் ஓடுவோம். காற்று இழுத்துக்கொண்டு போனால் கிழிந்துவிடும், கயிறு சிக்கினால் ஒரு வாரம் போய்விடும். இருபத்து மூன்று வருடத்தில் நான் ஒருமுறைகூட ஆளிடம் முதலில் போனது கிடையாது. யாருக்கு என்ன ஆயிற்று என்பதையெல்லாம் துணியைச் சுருட்டிய பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொள்வேன்.

அவள் காய்ந்த புல்லில் உட்கார்ந்து ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தாள். விடுபட்ட பெரிய பாராசூட் அவளுக்குப் பின்னால் குட்டியையும் இழுத்துக்கொண்டு முள்வேலிப் பக்கம் உருண்டு போனது.

"ஏம்மா, துணி! துணி போகுது!" என்று ஸ்பிரிங் சார் பின்னாலிருந்து கத்தினார்.

நான் நேராக அவளிடம் ஓடினேன். மண்டியிட்டு, அந்தக் கனத்த உடுப்போடு சேர்த்து அவளைக் கட்டிக்கொண்டேன். இருபது வருடத்தில் நான் அவளைத் தொட்டதெல்லாம் பட்டை இறுக்கவும் கொக்கி மாட்டவும்தான். அவள் என் தோளுக்கு மேலே வேலியைப் பார்த்தாள்.

"அண்ணி, குட்டி கிழியப் போகுது."

"வாயை மூடுடி" என்றேன். எங்கள் இரண்டு பேருக்குமே அந்த 'டி' புதிது. அவள் வாயை மூடிக்கொண்டு, கையுறை போட்ட இரண்டு கையாலும் என் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.